மழையொலியும் மனத்தச்சமும்

அச்சம் மனிதனுக்கு மட்டுமே உரிய உணர்ச்சி அன்று. எலி முதல் யானை ஈறாகவுள்ள உயிர்கள் யாவும் தத்தமக்கு இடர் விளைப்பனவற்றை அறிந்து ஒதுங்குகின்றன. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது தோன்றுதற்குரிய இடங்களை நான்கென வரையறுத்தார். வருத்துகின்ற தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளுகின்ற இறைவர் என்பனவே அவை. அந்நான்கனுள் மழைக்கு இடமில்லை. இருத்தற்கு நியாயமும் இல்லை. சிலப்பதிகாரம் தன் மங்கல வாழ்த்தில் மழையைப் போற்றுகின்றது. திருக்குறளோ கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரத்தையே மழைக்கு அளித்தது. தமிழ்ப் புலவர்க்கு மழை வாழ்த்துதற்குரிய பொருள். பெய்யாமைக்கே அவர்கள் அஞ்சினர்.

ஆயினும் இன்று கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழும் சிறுவர் பலர்க்கு மழை அச்சந்தரும் பொருளாகிவிட்டது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் திட்வா என்னும் சூறாவளி இலங்கையைத் தாக்கியது. நாடெங்கும் 600 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டவாரியாக நோக்குமிடத்துக் கண்டி மாவட்டத்திலேயே உயிரிழப்பு மிகுதி. காற்றினும் மேலாக வெள்ளமும் மண்சரிவுமே உயிர்களைக் கொண்டன. மலைநாட்டார்க்கு இத்துன்பம் புதிதன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன் வரிசைகள் மண்ணுள் மறைந்தன. 2016 மே மாதம் அரநாயக்கவில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து கிராமங்களின் மீது இறங்கியது. எனினும், கண்டி மாவட்டத்தில் இவ்வளவு பரந்த நிலப்பரப்பில், இத்தனை குடும்பங்கள் ஒருங்கே மழையின் இந்த முகத்தைக் கண்டது இத்தலைமுறையில் இதுவே எனலாம்.

பிற்பகலில் வானம் கறுத்துத் தகரக் கூரையில் முதற்றுளிகள் விழுந்தவுடன் எழுதுவதை நிறுத்திச் சாளரத்தை நோக்கும் பிள்ளைகளை மலைநாட்டு ஆசிரியர் யாவரும் அறிவர். சிலர் புத்தகங்களைப் பையில் அடுக்கத் தொடங்குவர். சிலர் தங்கையோ தம்பியோ படிக்கும் வகுப்புக்குச் செல்ல அனுமதி கேட்பர். வயிற்றுவலி என்பாரும் உளர். அந்த வலி பொய்யன்று என்பதை இக்கட்டுரையின் பின்பகுதி காட்டும். “இது சாதாரண மழைதானே, பயப்படாதே” என்று நாம் சொல்கின்றோம். பிள்ளையும் தலையசைக்கின்றது, ஆனால் அஞ்சுவதை விடுவதில்லை. நேற்றுவரை தாலாட்டாக இருந்த ஓர் ஒலி எவ்வாறு இன்று நெஞ்சைப் பதறச் செய்கின்றது? அறிவு ‘அபாயமில்லை’ எனக் கூறியும் உடல் ஏன் கேட்பதில்லை? இவ்வினாக்களுக்கு உளநூலாரும் மூளை நூலாரும் கடந்த நூற்றாண்டிற் கண்ட விடைகளை இங்கு இயன்றவரை எளிய முறையில் எடுத்துரைக்க முற்படுகின்றேன்.

அச்சம் பிறவியோடு வருவதும் உண்டு, கற்றுக்கொள்ளப்படுவதும் உண்டு. திடீரெனப் பேரொலி கேட்பின் கைக்குழந்தையும் துணுக்குறும். அதனை எவரும் கற்பிக்கவில்லை. ஆனால் காக்கிச் சட்டைக்கு அஞ்சுவதும், மருத்துவமனை நெடிக்கு அஞ்சுவதும், கணக்குப் பாடத்துக்கு அஞ்சுவதும் கற்றவையே. கற்கும் விதம் யாது என்பதற்கு முதல் வழிகாட்டியவர் உருசிய நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் பவ்லோவ் ஆவார். நாய்க்கு உணவு கொடுக்குமுன் ஓர் ஒலியை எழுப்பி, அவ்வாறு பன்முறை செய்தபின், உணவின்றி ஒலியை மட்டும் எழுப்பினாலும் நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுவதை அவர் கண்டார். நம் பாடநூல்கள் மணியோசை என்றே எழுதிப் பழகிவிட்டன. அவரோ தாளங்காட்டும் கருவி முதலிய பலவற்றையும் கையாண்டார். யாதொரு பொருளுமற்ற ஓர் ஒலி, பொருளுள்ள ஒன்றனோடு சேர்ந்து வந்தமையால் தானும் பொருள் பெற்றுவிட்டது. இதனையே நிபந்தனைத் தெறிவினை என்பர்.

அச்சத்தையும் இவ்வாறு கற்பிக்கலாம் என்பதை அமெரிக்க உளநூலார் வாட்சனும் அவருடைய உதவியாளர் ரேனரும் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டிற்று. ‘அல்பேட்’ என அவர்கள் பெயரிட்டழைத்த பதினொரு மாதக் குழந்தை வெள்ளெலியோடு அச்சமின்றி விளையாடியது. அது எலியைத் தொடமுயன்ற வேளைகளிலெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் ஓர் உருக்குத் துண்டைச் சம்மட்டியால் ஓங்கியடித்தனர். ஏழே முறை. அதன்பின் எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுது விலகிற்று. எலியோடு நின்றதா எனின், இல்லை. முயலுக்கும், நாய்க்கும், மயிர்த்தோலாற் செய்த மேலங்கிக்கும் அது அஞ்சியது. அவ்வச்சத்தைப் போக்கும் முயற்சி செய்யப்படுமுன்னரே தாய் குழந்தையை அழைத்துச் சென்றுவிட்டாள். இத்தகைய சோதனையை இன்று எந்த நாட்டிலும் எவரும் செய்ய அனுமதி பெறார். அன்றும் செய்திருத்தலாகாது என்பதே என் துணிபு. எனினும் அது காட்டிய உண்மை நிலைத்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் முன்னோர் சொன்னதும் அவ்வுண்மையையே. அச்சம் தான் தோன்றிய பொருளோடு நில்லாது, அதனை ஒத்தவற்றின் மீதெல்லாம் படரும் இயல்புடையது. மலைசரிந்த இரவின் பெருமழைக்கு மட்டும் அஞ்சவேண்டிய பிள்ளை தூறலுக்கும் அஞ்சுகின்றது. தண்ணீர்த்தாங்கி நிரம்பி வழியும் ஓசைக்கும், இரவிற் பாரவூர்தி உருண்டு செல்லும் முழக்கத்துக்கும் அஞ்சும் பிள்ளைகளும் இருத்தல் கூடும்.

இனி, இத்தொடர்பு மூளையில் எங்கே, எவ்வாறு ஏற்படுகின்றது என்பதைப் பார்ப்போம்.

மழையின் ஓசை செவிப்பறையை அதிர்விக்கின்றது. உட்காதில் அவ்வதிர்வு நரம்புத் துடிப்பாக மாறி, மூளைத் தண்டின் வழியே மேலேறித் தலமசு எனப்படும் நடுப்பகுதியை அடைகின்றது. தலமசை நமது தபாற் கந்தோரின் தரம்பிரிக்கும் மேசைக்கு ஒப்பிடலாம். கண், செவி, தோல் ஆகியன அனுப்பும் செய்திகள் அங்கு வந்தே உரிய இடங்களுக்குச் செல்கின்றன. செவிச்செய்தி அங்கிருந்து மூளைப் புறணியிலுள்ள கேட்டற் பகுதிக்குச் செல்லுகின்றது. அங்கேதான் ‘இது மழை, இது இடி, இது அடுத்த வீட்டு வானொலி’ என வேறுபாடு காணப்படுகின்றது. இது நெடுவழி. இதனையன்றி ஒரு குறுக்குவழியும் உண்டு. தலமசிலிருந்து நேரே அமிக்டலா என்னும் உறுப்புக்குச் செல்லும் நரம்புகளே அவ்வழி.

அமிக்டலா என்பது வாதுமைப் பருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல். வடிவினால் வந்த பெயர். இருபுறக் கன்னப்பொறிகளுக்கும் உட்பக்கத்தில், பக்கத்துக்கொன்றாக ஆழத்தில் அமைந்துள்ளது. இதனிடத்து எலிகளிற் பல்லாண்டுகள் ஆராய்ச்சி செய்தவர் நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோசப் லெடூ. எலியின் மூளையிற் குறுக்குவழியாகச் செல்லும் ஒலிச்செய்தி ஒரு செக்கனில் ஆயிரத்தில் 12 பங்கு நேரத்தில் அமிக்டலாவை எட்டுகின்றது. புறணி வழியாகச் செல்வதற்கு ஏறக்குறைய அதன் இருமடங்கு நேரம் வேண்டும் என்று அவர் எழுதினார். அஃதாவது, ஒலி எத்தகையது என அறிவு முழுமையாக ஆய்ந்து முடிக்குமுன்னரே அபாயமணி அடிக்கப்படுகின்றது. குறுக்குவழி விரைவானது, ஆனால் தெளிவற்றது. கயிற்றையும் பாம்பையும் வேறுபடுத்த அதனால் இயலாது. காட்டில் வாழ்ந்த உயிருக்கு அதுவே நன்று. கயிற்றைப் பாம்பென எண்ணித் துள்ளியவன் பிழைத்துக்கொள்வான். பாம்பைக் கயிறென எண்ணி நின்றவனுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை.

அபாயமணி அடித்தபின் நிகழ்வன யாவை? அமிக்டலாவின் நடுப்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகள் மூளைத் தண்டுக்கும் அதனை அடுத்த பகுதிகளுக்கும் கட்டளை பிறப்பிக்கின்றன. நெஞ்சு விரைந்து அடிக்கின்றது, சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பி அதிரினலின் என்னும் நீரைக் குருதியிற் சேர்க்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, குடலுக்குச் செல்லும் குருதி குறைந்து கைகால்களுக்குச் செல்வது பெருகுகின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையை ‘வேஷம்’ என்று கடிந்துகொள்ளும் ஆசிரியர் இவ்வரிகளை மறுமுறை வாசிப்பாராக.

அமிக்டலாவை ‘அச்சத்தின் இருப்பிடம்’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அது முற்றும் சரியன்று. லெடூவே பிற்காலத்தில் இதனை மறுத்து, அபாயத்தைக் கண்டுகொண்டு உடலை எழுப்பும் வேலை வேறு, ‘நான் அஞ்சுகின்றேன்’ என உணர்தல் வேறு என்று வற்புறுத்தினார். பின்னையது புறணியின் பல பகுதிகள் கூடிச் செய்யும் வேலை.

நினைவிலும் இவ்வாறே இருவகை உண்டு. சுவிற்சர்லாந்து மருத்துவர் கிளப்பரேட் 1911 இல் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. புதியதொன்றையும் நினைவிற்கொள்ள இயலாத ஒரு பெண்ணை அவர் நாள்தோறும் கண்டு கைகுலுக்குவார். அவளோ ஒவ்வொரு நாளும் அவரைப் புதியவராகவே கருதுவாள். ஒருநாள் அவர் தம் விரலிடையே ஓர் ஊசியை மறைத்துவைத்துக் கை கொடுத்தார். பின்னர் அவர் கைநீட்டியபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று வினவியபோது ஊசி குத்தியதை அவளாற் சொல்ல முடியவில்லை. நிகழ்ச்சி மறந்துபோயிற்று, அதன் அச்சம் மறக்கவில்லை. 1995 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதனை உறுப்பளவிற் பிரித்துக் காட்டியது. அமிக்டலா சேதமுற்ற ஒருவர், எந்த நிறத்தோடு பேரொலி வந்தது என்பதைச் சரியாகச் சொன்னார். ஆனால் அந்நிறத்தைக் கண்டபோது அவர் உடலில் யாதொரு மாற்றமும் எழவில்லை. ஹிப்போகம்பசு சேதமுற்ற மற்றொருவர்க்கு உடல் பதறியது. ஏன் என்று அவரால் சொல்ல இயலவில்லை.

ஹிப்போகம்பசு என்பது அமிக்டலாவை அடுத்துள்ள, கடற்குதிரை வடிவினதான பகுதி. எங்கே, எப்போது, எவரோடு என்னும் நிகழ்ச்சி நினைவுக்கு அஃது இன்றியமையாதது. மழலைப் பருவத்தில் அது முதிர்ச்சி பெறுவதில்லை. ஆகவே இரண்டு மூன்று வயதில் அனர்த்தத்தைக் கண்ட குழந்தை பின்னர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்ல அறியாது. மழை பெய்தால் மட்டும் தாயைக் கட்டிக்கொள்ளும். ‘சின்னப்பிள்ளைதானே, அதற்கு ஒன்றும் நினைவிராது’ என்று பெரியவர்கள் ஆறுதல் கொள்வது பாதி உண்மையே.

மணத்தைப்பற்றியும் ஈண்டுச் சிறிது கூறவேண்டும். மற்றைப் புலன்களின் செய்திகள் யாவும் தலமசின் வழியே செல்ல, மூக்கின் செய்தி மட்டும் அதனை நாடாது, முகர்தற் குமிழிலிருந்து நேரே அமிக்டலாவின் ஒரு பகுதிக்குச் செல்கின்றது. புலன்கள் ஐந்தனுள் உணர்ச்சி நினைவுக்கு மிக அண்மையில் இருப்பது மூக்கே. பெயர்த்தெடுத்த செம்மண்ணின் மணம், சேறு கலந்த வெள்ளம் வடிந்த வீட்டின் மணம் என்பன ஒருவரை நொடிப்பொழுதில் அந்த இரவுக்கு இழுத்துச்செல்வது இதனாலேயே. 1983 யூலையிற் கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்ட முதியோர் சிலர் இன்றும் இறப்பர் எரியும் நாற்றத்தைத் தாங்கமாட்டார். அவர்களுட் பலர் அதைப்பற்றிப் பேசுவதுமில்லை.

இத்தொடர்பு பதியும் முறை யாது? கனடா நாட்டு உளநூலார் ஹெப் 1949 இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு நரம்புக் கலம் மற்றொன்றனைத் தூண்டுவதில் மீண்டும் மீண்டும் பங்குகொள்ளுமாயின், அவ்விரண்டன் இணைப்பு வலுப்பெறும் என்பதே அது. அமிக்டலாவின் பக்கப்பகுதியில் இருவகைச் செய்திகள் ஒரே கலத்தில் வந்து கூடுகின்றன. ஒன்று மழையொலி; அது மெலிந்தது, தனியே கலத்தை எழுப்பவல்லதன்று. மற்றையது வலி, நடுக்கம், தாயின் அலறல், அது வலியது. இரண்டும் ஒருங்கு வந்து கலத்தை எழுப்பும்போது, மெலிந்த இணைப்பும் வலுப்பெறுகின்றது. கலத்தின் இணையிடத்திலுள்ள சில வாயில்கள், இரு செய்திகளும் ஒருங்கே வந்தால் மட்டுமே திறந்து கல்சியத்தை உள்ளே விடுகின்றன. அக்கல்சியம் தொடக்கிவைக்கும் வேதியியல் மாற்றங்களின் முடிவில் புதிய புரதங்கள் ஆக்கப்பட்டு இணைப்பு நிலைபெறுகின்றது. அடுத்தமுறை மழையொலி தனித்து வந்தாலும் கலம் முழுவலிமையோடு எழும். குருதியிற் கலந்த அதிரினலின் இப்பதிவை மேலும் ஆழமாக்குகின்றது. சாதாரண நாளின் பாடத்தைப் பத்துமுறை படிக்கவேண்டியிருக்க, ஓர் இரவின் பேரச்சம் ஒரே முறையிற் பதிந்துவிடுவது இதனால்தான்.

அமிக்டலாவோடு இது முடிந்துவிடுகின்றதா? இத்தாலி நாட்டுத் தூரின் நகரில் சக்கோ, சக்கெற்றி என்னும் இருவர் செய்து 2010 இல் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வினாவுக்குச் சுவையான விடை தந்தது. ஒலி, ஒளி, மணம் ஆகியவற்றுள் ஒன்றோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்து எலிகளுக்கு அச்சம் கற்பித்தனர். ஒரு மாதம் கழித்துப் புறணியில் அவ்வப் புலனுக்குரிய இரண்டாம்நிலைப் பகுதியைச் சிதைத்தபோது அவ்வெலிகள் அப்புலன் சார்ந்த பழைய அச்சத்தை இழந்தன. ஒலிக்குரிய பகுதி சிதைந்தால் ஒலியச்சம் போயிற்று, ஒளியச்சம் போகவில்லை. ஆனால் அச்சத்தைக் கற்ற உடனே அப்பகுதியைச் சிதைத்தால் நினைவுக்குக் குறை நேரவில்லை. புதிய அச்சத்தைக் கற்கும் ஆற்றலும் குன்றவில்லை. இதனால் பெறப்படுவது யாதெனின், நாட்பட்ட அச்சநினைவு கேட்டற் புறணி, முகர்தற் புறணி ஆகிய புலனுக்குரிய இடங்களிலும் வேரூன்றி, அவ்வொலிக்கும் மணத்துக்கும் ஒரு நிலையான உணர்ச்சிச் சாயலை ஏற்றிவிடுகின்றது என்பதே. மழையொலி பிள்ளையின் செவிக்கு முன்போல வெறும் மழையொலியாகக் கேட்பதில்லை என்று கூறினும் மிகையாகாது.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுமந்திர சத்தர்ஜியும் அவர்தம் மாணவரும் செய்த ஆராய்ச்சிகள் ஆசிரியர்கள் சிறப்பாக அறிந்துகொள்ளத்தக்கவை. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமாகப் பத்து நாள்கள் எலிகளை அசையவிடாது அடைத்துவைத்தனர். ஹிப்போகம்பசுக் கலங்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாக் கலங்களின் கிளைகளோ தழைத்தன. பின்னர் 21 நாள்கள் தொல்லையின்றி விட்டபோது ஹிப்போகம்பசு பழைய நிலையை அடைந்தது, அமிக்டலா அடையவில்லை. இதனினும் வியப்பானது 2005 இல் வெளியான பிறிதொரு முடிவு. ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் துன்புறுத்தப்பட்ட எலியின் அமிக்டலாவில் மறுநாள் மாற்றம் ஏதும் காணப்படவில்லை. பத்து நாள்கள் சென்றபின் பார்த்தால், கலங்களின் கிளைகளில் புதிய முட்கள் அரும்பியிருந்தன. எலியும் முன்னினும் மருண்டு நடந்துகொண்டது. எலி வேறு, பிள்ளை வேறு, உண்மை. எனினும் அனர்த்தம் நடந்த கிழமை அமைதியாக இருந்து, நிவாரணப் பொதி சுமந்து, பிறர்க்கு உதவிய பிள்ளை ஒரு மாதம் கழித்து இரவில் அலறி எழுவதை, ‘இப்போது என்ன புதிதாக’ என்று வினவுவோர் இவ்வாராய்ச்சியை நினைவிற் கொள்ளல் தகும். உதவிக்கு வந்தோர் திரும்பிச்சென்ற பின்னரே பல பிள்ளைகளின் அச்சம் வெளிப்படும். போர்க்காலத்து உளவடுக்களை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஆராய்ந்து 1998 இல் நூலாக வெளியிட்ட மருத்துவர் தயா சோமசுந்தரம், தனியொருவரின் மனத்தை மட்டும் நோக்காது குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே நோக்கவேண்டும் என வற்புறுத்தியவர். ஊரே இடம்பெயர்ந்த மலைநாட்டுக்கு அவர் கருத்துப் பெரிதும் பொருந்தும்.

இவ்வாறு கற்ற அச்சத்தை மறக்கச்செய்ய இயலுமா? பவ்லோவே இதற்கும் வழிகாட்டினார். உணவின்றி ஒலியை மட்டும் பன்முறை எழுப்பினால் நாயின் உமிழ்நீர் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் சில நாள்கள் விட்டு மீண்டும் ஒலியெழுப்பினால் உமிழ்நீர் திரும்பவும் ஊறுகின்றது! பழைய பாடம் அழியவில்லை. அதன் மேல் ‘இப்போது அபாயமில்லை’ என்னும் புதிய பாடம் எழுதப்பட்டது, அவ்வளவே. இப்புதிய பாடத்தைக் காப்பது நெற்றிக்குப் பின்னுள்ள நுதற்புறணியின் உட்பகுதி என்பதை மிலாட், குவேர்க் என்னும் இருவர் 2002 இல் எலிகளிற் காட்டினர். அப்பகுதி அமிக்டலாவைத் தடுத்துநிறுத்தும் கடிவாளம். ‘பயப்படாதே’ என்னும் நம் சொல் பயனற்றுப்போகும் காரணமும் இங்கேயே உள்ளது. அக்கடிவாளம் சொல்லைக் கேட்டு வலுப்பெறுவதன்று. மழை பெய்தும் தீங்கு நேராமையைப் பலமுறை உடலாற் கண்டே வலுப்பெறுவது.

1924 இல் மேரி கவர் யோன்ஸ் என்னும் பெண்மணி முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவனுக்குச் செய்ததும் அதுவே. அவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கையில் கூட்டிலடைத்த முயலை அறையின் தொலைவில் வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் ஒருகையால் உண்டு மறுகையால் முயலைத் தடவினான். வாட்சன் புகட்டிய பாடத்தை விட இப்பெண்மணி புகட்டிய பாடம் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றது. ஆயினும் நம் ஆசிரிய கலாசாலை மாணவர் முன்னவர் பெயரையே மனனஞ் செய்கின்றனர்.

வேறொரு வகையும் உண்டு. பயிரை மேயவரும் காட்டுயானைகளை விரட்ட உழவர் யானைவெடி கொளுத்துகின்றனர். தொடக்கத்தில் யானை ஓடும். வெடி வெறும் ஓசையே, வலி தருவதன்று எனப் பலமுறை கண்டபின் அது நின்று மேயத் தலைப்படும். கண்டிப் பெரஹராவில் பறைமுழக்கிடையேயும் தீப்பந்தங்களிடையேயும் யானைகள் நிரையாக நடப்பதும் பழக்கத்தின் பயனே. ஆயினும் அவற்றுள் மிரண்டோடியனவும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. பழகிய மனத்தின் அடியிலும் பழைய அச்சம் உறங்கிக் கிடக்கின்றது.

இனி, மலைநாட்டு மழையச்சத்துக்கே உரிய ஒரு சிக்கலைக் கூறவேண்டும். அல்பேட்டின் வெள்ளெலி தீங்கற்றது. ஆகவே அவ்வச்சத்தை முற்றாகப் போக்கலாம். நமது மழை அத்தகையதன்று. செங்குத்தான சரிவின் கீழே வாழும் பிள்ளைக்கு மழையச்சம் முழுவதும் போய்விடுமாயின் அதுவும் கேடு. அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் துணிபு. எனவே நாம் செய்யவேண்டுவது அச்சத்தை ஒழிப்பதன்று. எம்மழைக்கு அஞ்சுவது, எம்மழைக்கு அஞ்சாதிருப்பது என வேறுபடுத்தக் கற்பிப்பது. ஒலியைக்கொண்டு இதனை அறிய இயலாது. தகரக் கூரையின்கீழ்ச் சிறுமழையும் பெருமழைபோல முழங்கும். அளவைக்கொண்டே அறியலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு இட்ட எல்லைகள் எளியவை. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்து மேலும் பெய்யுமாயின் விழிப்பு. 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தம். 150 ஐக் கடந்தால் வெளியேறுதல். இவற்றோடு நிலத்தில் வெடிப்புத் தோன்றல், மரங்களும் மதில்களும் சாய்தல், புதிய ஊற்றுக் கிளம்பல், இருந்த ஊற்றுத் திடீரெனக் கலங்கல் அல்லது வற்றல் ஆகிய குறிகளையும் காணவேண்டும்.

ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் இருந்தால் எந்தப் பாடசாலையிலும் இதனைச் செய்யலாம். காலையில் பிள்ளைகளே மானியைப் பார்த்து அளவை எழுதட்டும். ‘நேற்று மாலை அவ்வளவு இரைச்சலோடு பெய்தது, 18 மில்லிமீற்றரே’ என்று ஒரு பிள்ளை தன் கையால் எழுதுமாயின், அன்று நுதற்புறணிக்குக் கிடைக்கும் பாடம் நம்முடைய பத்து அறிவுரைகளால் கிடைப்பதன்று. முன்னர் ஆதாரமின்றி அஞ்சிய பிள்ளை இப்போது எண்ணைக் கொண்டு அஞ்சவோ ஆறவோ கற்கின்றது. எண் 75 ஐ அணுகும் நாளில் எவ்வழியால், எவரோடு, எங்கே செல்வது என்பதையும் முன்னரே நடந்து பழகியிருத்தல் வேண்டும். செய்வதற்கு ஒன்று இருக்கும்போது அச்சம் உறைந்து நிற்பதில்லை.

ஆசிரியர் விலக்கவேண்டியதும் ஒன்றுண்டு. மழையிருளில் நடுங்கும் பிள்ளையை அவ்வேளையிற் கடிந்தாலோ அடித்தாலோ, மழைக்கு இருந்த அச்சம் வகுப்பறைக்கும் படரும். 2005 ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை பிரம்பை விலக்கிவிட்டது. பிரம்பு இன்னும் சில அலுமாரிகளை விட்டு நீங்கவில்லை. கணக்குப் பாடத்துக்கு நடுங்கும் மாணவர் பலர்க்கு அந்நடுக்கத்தைக் கற்பித்தது கணக்கு அன்று.

இன்னுமொன்று. புதிய பாடம் தான் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதை அமெரிக்க உளநூலார் பூட்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். ஒரு கூட்டில் அச்சம் தணிந்த எலியை வேறு கூட்டில் வைத்தால் அச்சம் மீண்டும் எழுகின்றது. ஆகவே வகுப்பறையில் நண்பரிடையே பகல்மழைக்கு அஞ்சாதிருக்கக் கற்ற பிள்ளை வீட்டில் இரவுமழைக்கு அஞ்சினால் அதில் வியப்பில்லை. கற்றது வீணாயிற்று எனக் கொள்ளவும் வேண்டா. அப்பாடத்தை வீட்டிலும், இரவிலும், விளக்கணைந்த வேளையிலும் தனித்தனியே கற்கவேண்டும். அங்கு ஆசிரியர் இல்லை. தாயோ தந்தையோ பாட்டியோ இருப்பர். அவர்களும் அதே இரவைக் கண்டவர்கள். மழையொலி கேட்டதும் அவர்கள் குரலும் மாறுகின்றது, அக்குரலைப் பிள்ளை கேட்கின்றது. பெற்றோர் கூட்டங்களில் பரீட்சைப் பெறுபேறுகளைப் பேசி முடித்தபின் மழைமானிப் பதிவேட்டையும் அவர்கள் முன் விரித்துவைத்து, இரவில் அதனைத் தம் வீட்டு முற்றத்திலும் பிள்ளையோடு எவ்வாறு அளக்கலாம் என்று காட்டுதற்கு அரைமணி நேரம் போதும். ஒரே விட்டமுடைய வாயும் அடியும் கொண்ட ஒரு தகரப் பேணியும் ஓர் அடிமட்டமுமே அதற்கு வேண்டிய கருவிகள்.